மந்திரவாதியும் அவன் பெயரும்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறும் பாதையில் காவலூர் என்ற சிற்றூர் இருக்கிறது. 1968ஆம் ஆண்டில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் எளிய முறையில் அங்கே தொடங்கிய வான ஆராய்ச்சி நிலையம், 1986 ஜனவரியில் 2.3 மீட்டர் அகலமுள்ள ஆடியைப் பெற்றது. 1988இல் அங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று நமது கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கி வானத்தில் சுற்றி வருகிறது. மலையிலிருந்து இறங்கினாலோ, கடைவாசல்களில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்குகின்றன. மலைமேல் விஞ்ஞானம், அடிவாரத்தில் மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைப்பது சுலபம். நாமும் ஒரு காலத்தில் அவ்விதம் எழுதியவர்களே. அது போதாது என்று இப்போது நமக்குப் படுகிறது.

நம்மில் பெரும்பாலோர் மந்திரத்தை முதலில் அறிந்தது கதைகளிலேதான். மதனகாமராஜன் கதையையும் விக்கிரமாதித்தன் கதையையும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்கள் நாம். 1947 ஜூலையில் 'அம்புலிமாமா' தோன்றி வேதாளத்தை மாதந்தோறும் வீட்டுக்கு அழைத்து வந்தது. அதனை நடத்திய நாகிரெட்டியும் சக்ரபாணியுமே 1951இல் 'பாதாள பைரவி'யைப் படமாக்கி, நேபாள மந்திரவாதியை வெள்ளித்திரையில் உலவ விட்டார்கள். இரண்டு கதைகளிலும் ஆதாரமான சம்பவம் ஒன்றே: வீரன் ஒருவனைத் தேவிக்குப் பலியிட்டு அளவிலாச் சக்தி பெற நினைக்கிறான் ஒரு மந்திரசாலி, முடிவில் பலியிட வந்தவனே பலியாகிறான். நாம் கைதட்டினோம். தட்டியதில் பிழையில்லை, அவன் செய்த சதியை நாம் நமது கண்ணாலேயே பார்த்தோமன்றோ?

இக்கதைகளில் மந்திரம் மனம்போனபடி நடப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரக்கனுடைய உயிர் ஏழு கடலுக்கப்பால் ஒரு கிளியின் உடலில் இருக்கும். கிளியின் கழுத்தைத் திருகினால் அரக்கன் விழுவான். 1890இல் 'பொற்கிளை' என்ற நூலை வெளியிட்ட ஜேம்ஸ் பிரேஸர், உலகெங்குமுள்ள மந்திர வழக்கங்கள் இரண்டு விதிகளுக்குள் அடங்குமென்றார். ஒத்தது ஒத்ததை விளைவிக்கும் என்பது ஒன்று. ஒருமுறை தொட்டுக் கொண்டிருந்தவை பிரிந்த பின்னும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது மற்றொன்று. பாவையில் ஊசி குத்துவது முதல் விதி. தலைமயிரையும் காலடி மண்ணையும் தேடுவது இரண்டாவது. இம்மட்டும் சரியே. ஆனால் நூலகத்தில் அமர்ந்தபடியே உலகத்து ஜனங்களை அளந்த அவ்வறிஞர், மந்திரம் என்பது பிழைபட்ட விஞ்ஞானம், அறிவு முதிராதவர்களின் தவறு என்று தீர்ப்பளித்துவிட்டார். ஏகாதிபத்தியத்துக்கு இத்தீர்ப்பு மிகவும் வசதியாயிருந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

நேரில் சென்று பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். மலினோவ்ஸ்கி, பசிபிக் கடலிலுள்ள ட்ரோப்ரியாண்ட் தீவு மக்களிடையே முதல் உலக யுத்த காலத்தில் வாழ்ந்தவர். அத்தீவினர் கரையோரத்து அமைதியான காயலில் மந்திரமின்றியே மீன் பிடித்தனர். ஆபத்து நிறைந்த திறந்த கடலுக்குச் செல்லும்போதுதான் மந்திரத்தை நாடினர். இதை விளங்கிக்கொள்ள நமக்குப் பசிபிக் கடல் வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதியில் தோல் பதனிடுபவர் எவரும் சுண்ணாம்பின் அளவையோ, கடுக்காயும் ஆவாரம் பட்டையும் ஊறவேண்டிய நாளையோ மந்திரத்துக்கு விட்டுவிடுவதில்லை. அது கையறிந்த வித்தை. வெளிநாட்டுச் சந்தையில் விலை ஏறுமா, விழுமா என்பது எந்தக் கைக்கும் எட்டாதது. வாசலில் பூசணிக்காய் தொங்குவது அதற்காக.

எவன்ஸ்-பிரிச்சர்ட் 1937இல் வெளியிட்ட நூல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்கள் தானியக் குதிரின் நிழலில் உட்காருவது வழக்கம். ஒரு நாள் குதிர் சரிந்து கீழிருந்தவர்களைக் காயப்படுத்துகிறது. கால்களைக் கறையான் அரித்தது அவர்களுக்கும் தெரியும். ஆனால் இந்த மனிதர் கீழே இருந்த இந்த வேளையில் ஏன் சரிந்தது? இவ்வினாவுக்குக் கறையான் விடையாகாது; அதற்கு அவர்கள் காணும் விடை சூனியம். நமது ஊர்களில் பொருள் களவு போனால் மை போட்டுப் பார்ப்பவனிடம் கேட்கப்படுவதும் 'எப்படி' என்பதன்று, 'யார்' என்பதே. காவலூர் ஆடி யார் பார்த்தாலும் ஒரே நட்சத்திரத்தைக் காட்டும். அது ஒருநாளும் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லாது.

மந்திரத்தின் இருதயம் சொல்லில் இருக்கிறது என்று காட்டியவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை. இலங்கையில் பிறந்து கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் போதித்த ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா, காவலூர் நிலையம் தோன்றிய அதே 1968இல் 'சொற்களின் மந்திர ஆற்றல்' பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். (1983இல் இலங்கைத் தமிழர் மீது பாய்ந்த வன்முறையைப் பற்றி நூலெழுதியவரும் அவரே.) மந்திரம் தோற்றுப்போன விஞ்ஞானமன்று, சொல்லப்படுவதாலேயே ஒன்றை நிகழ்த்தும் சொல் என்பது அவர் பின்னாளில் தெளிவுபடுத்திய கருத்து. குழந்தையின் காதில் பெயரை ஓதினால் பெயர் வைத்தாயிற்று. அதை உண்மையா பொய்யா என்று யார் சோதிப்பார்? விந்தையாக, அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் அர்சுலா லெ குவின் எழுதிய மாயாஜால நாவலிலும் ஒன்றன் மெய்ப்பெயரை அறிந்தவனே அதை ஆளுகிறான். அந்த அம்மையாரின் தந்தை குரோபர் புகழ்பெற்ற மானிடவியல் அறிஞர்.

இனி நமது கவலையைச் சொல்லுகிறோம். சொல் நிகழ்த்தும் என்றால், 'இவள்தான் செய்வினை வைத்தாள்' என்பதும் நிகழ்த்துகிறது. அது சொல்லப்பட்ட கணத்தில் அண்டை வீட்டுக் கிழவி சூனியக்காரி ஆகிவிடுகிறாள். கதையில் மந்திரவாதி மெய்யாகவே குற்றவாளி. ஊரில் குற்றத்தைக் கண்டவர் எவருமில்லை, பெயர் மாத்திரமே உண்டு. அப்பெயர் பெரும்பாலும் ஆதரவற்ற பெண்ணுடையதாகவே இருக்கிறது. கதை பார்த்துப் பழகிய கண், அவளிடம் நேபாள மந்திரவாதியைக் காண்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொலைக்கான காரணங்களில் சூனியத்தைத் தனியே கணக்கிட்டு வருவது நமது நாட்டில்தான். கடைவாசல் எலுமிச்சம்பழத்தைக் கண்டு பொங்கும் நண்பர்கள் அதைச் சற்று விட்டுவைக்கலாம். பெயர் சொல்லும் வாயைக் கவனிக்கட்டும். பீகாரில் 1999இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒருவரைச் சூனியக்காரி என்று சுட்டுவதையே அது குற்றமாக்கியது. அதற்கு அச்சட்டம் விதித்த தண்டனை, மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.