முன்கண்ணாடியில் ஒட்டிய பசை

வேலையின் நிமித்தம் வெளி மாநிலங்களில் வாழும் நாம் ஊர் மாறும்போது, நமது மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிய வில்லைகளும் மாறுகின்றன. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரியில் பாஸ்டாக் கட்டாயமாக்கப்பட்டது. தில்லி வட்டாரத்திலோ எரிபொருளைக் காட்டும் வண்ண வில்லையும் உண்டு. பெட்ரோலுக்கு வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. பழைய வில்லையை உரித்துவிடலாம். அதன் பசை எளிதில் போவதில்லை. பகலில் அது வெறும் அழுக்காகத் தோன்றும். இரவிலோ எதிர்வண்டியின் விளக்கொளியைச் சிதறடித்து, சாலையைக் கடப்பவரையே நம் கண்ணுக்கு மறைத்துவிடக்கூடும்.

நீரால் எவ்வளவு தேய்த்தாலும் இப்பசை ஏன் அகல்வதில்லை? தபால் உறையின் கோந்து நீரில் கரைவது. இதுவோ அழுத்திய மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் வகை, நீரில் கரையாது. எண்ணெயோ இதனுள் ஊறி இதன் பிடியைத் தளர்த்தும். வெயிலில் நெடுநாள் காய்ந்த பசைக்குச் சற்று அதிக நேரம் வேண்டும்.

பாஸ்டாக்கை உரிக்குமுன், அதை வழங்கிய வங்கியில் கணக்கை முடித்துக்கொள்வது நலம். உரித்த வில்லை மீண்டும் பயன்படாது. பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் அதன்மேல் வைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கவேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றலாகாது, விரிசல் காணும்.

எஞ்சிய பசையில் தேங்காயெண்ணெயைத் தடவிக் கால்மணி நேரம் ஊறவிடுவோம். வடநாட்டுக் குளிர்காலத்தில் அது உறைந்துவிடும். அப்போது அங்குள்ள அடுக்களைகளில் புழங்கும் கடுகெண்ணெயே போதும். ஊறிய பசையைப் பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் வழித்தெடுக்கலாம். பின்கண்ணாடியில் மெல்லிய வெப்பக் கம்பிக் கோடுகள் இருப்பின் அங்கே பிளேடு கூடவே கூடாது. கோடு அறுந்தால் பனிமூட்டம் நீங்காது. மூடிய வண்டிக்குள் பெட்ரோலால் துடைப்பதும் ஆபத்து. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

பசை போனதோடு வேலை முடிந்ததன்று. எஞ்சிய எண்ணெய்ப் படலமும் ஒளியைச் சிதறடிக்கும். ஆகவே சோப்பு நீரால் துடைத்து, பின் நல்ல நீரால் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். இருட்டியபின் வெளியிலிருந்து ஒருவரைக் கைவிளக்கைக் காட்டச் சொல்லி உள்ளிருந்து நோக்கினால், மிச்சமிருக்கும் கறை தானே தென்படும். அதையும் போக்கியபின் வண்டியை இரவுச் சாலைக்கு எடுத்துச் செல்வோமாக.