150 கிராம் போர் ரோபோ

தடுப்புச் சுவர்களுக்குள் ரோபோக்கள் மோதிக்கொண்டு ஒன்றையொன்று செயலிழக்கச் செய்யும் போட்டி, 1994-இல் சான்பிரான்சிஸ்கோவில் மார்க் தோர்ப் நடத்திய ‘ரோபோ வார்ஸ்’ நிகழ்வின் வழியே கவனம் பெற்று, பின்னர் பி.பி.சி. தொலைக்காட்சியால் பிரிட்டனின் வீடுகளை எட்டியது. திரையில் தோன்றிய நூறு கிலோ இயந்திரங்களைக் கண்டோர் இதைப் பணம் படைத்தோரின் விளையாட்டு என எண்ணுவது இயல்பே. ஆயினும் இயற்பியல் விதிகள் சிறிய உருவங்களுக்கே சலுகை காட்டுவதால், பிரிட்டனில் ‘எறும்பு எடை’ எனப்படும் 150 கிராம் பிரிவு குறைந்த செலவில் தொடங்குவோருக்கு மிகவும் உகந்தது.

ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். வலிமையைத் தீர்மானிக்கும் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்கே ஆகும். இக்கணக்கின்படி, ஒரே வடிவமும் ஒரே பொருளும் கொண்ட 110 கிலோ ரோபோவையும் 150 கிராம் ரோபோவையும் ஒப்பிட்டால், சிறியது தன் எடையளவில் ஏறத்தாழ 9 மடங்கு உறுதியானது. பெரியவற்றுக்குத் தேவைப்படும் டைட்டானியத்தின் இடத்தில், இங்கே சமையலறையில் காய்கறி நறுக்கும் பாலித்தீன் பலகையே கவசமாகிவிடுகிறது. அப்பலகை அடிபடும்போது வளைந்து ஆற்றலை உள்வாங்குகிறது; பார்வைக்கு அழகான அக்ரிலிக் தகடோ விரிசலிட்டு உடைந்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நன்று.

பணத்தை எதில் செலவிடுவது என்பதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகின்றனர். சுழலும் ஆயுதம் அனைவரையும் ஈர்க்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 3 செ.மீ. ஆரமும் 40 கிராம் எடையும் கொண்ட சீரான வட்டத்தகடு நிமிடத்துக்கு 10,000 முறை சுழன்றால், அதில் ஏறத்தாழ 10 ஜூல் இயக்க ஆற்றல் சேர்கிறது. அது முழுவதும் எதிராளிக்கு மாறினால் 150 கிராம் உடலை 6 மீட்டருக்கும் மேலே எறியப் போதுமானது. அதே எடையை விளிம்பில் வளையமாக அமைத்தால் ஆற்றல் இருமடங்காகும். எனினும் வேகம் மட்டும் போதாது. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முன்னேறும் ரோபோவின் ஆயுதம் அதே 10,000 சுழற்சியில் இயங்கி, அதில் ஒரே பல் இருந்தால், அப்பல் எதிராளிக்குள் 12 மி.மீ. வரை நுழைந்து கொளுவ இயலும். இரண்டு பற்கள் இருந்தால் அது 6 மி.மீ. ஆகக் குறைந்து, ஆயுதம் எதிராளியை உரசிக்கொண்டே நழுவிவிடக்கூடும்.

ஆயுதமே கட்டாயமில்லாத போட்டிகளில் ஆப்பு வடிவமே மலிவான, நம்பகமான வழி; 1995 ‘ரோபோ வார்ஸ்’ போட்டியில் ‘லா மெஷின்’ என்னும் ரோபோ அவ்வடிவத்தைக் கொண்டே வென்றது. தரையில் உராயும் அதன் முன்விளிம்பு எதிராளியின் அடியில் புகுந்து, அதன் எடையின் ஒரு பகுதியைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. தள்ளும் விசைக்குச் சக்கரங்களின் மேல் விழும் எடையும் உராய்வும் எல்லை வகுப்பதால், எதிராளி பிடிப்பை இழக்கும் அதே நொடியில் ஆப்புக்குப் பிடிப்பு கூடுகிறது. ஆகவே, சக்கரங்கள் வழுக்கும் அளவுக்கு மேல் மோட்டாரின் முறுக்குவிசையைக் கூட்டுவது வீண்செலவு. அந்தத் தொகையில் சக்கரத்துக்கு நல்ல சிலிக்கோன் ரப்பர் உறை இடுவது அதிகப் பயன் தரும்.

நகராமல் நின்ற ரோபோ, கவசம் சிதையாவிட்டாலும், தோற்றதாகவே அறிவிக்கப்படுகிறது. அதிர்வில் பற்றவைப்பு விட்டுப்போன ஒரு கம்பி போதும், நல்ல மோட்டாரும் பயனற்றுப்போகும். ஆகவே கம்பிகளை உடலோடு இறுகக் கட்டுவதும், ரிசீவரையும் மோட்டாரின் வேகத்தை ஆளும் மின்சுற்றையும் மென்னுரைத் துண்டுகளில் பொதிந்து வைப்பதும் செலவே இல்லாத பாதுகாப்புகள். சிக்கனம் கூடாத ஒரே இடம் லித்தியம் பாலிமர் பேட்டரி: கூரிய பொருள் துளைத்தால் தீப்பற்றும் இதனை ரோபோவின் நடுவில், ஆயுதம் எட்டாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டாதபடி அதற்குரிய சார்ஜரிலேயே மின்னேற்ற வேண்டும்.