சிறுத்தைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள், குதிரைமலைக்குப் போங்கள்

புத்தளத்திலிருந்து வடக்கே, வண்ணாத்திவில்லைத் தாண்டினால் எலுவன்குளம் சப்பாத்துப் பாலம். வில்பத்துக் காட்டின் கரையோரப் பக்கத்துக்கு இதுதான் வாசல். ராஜாங்கனை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டால் பாலத்துக்கு மேலே கலா ஓயா பாயும். அன்று எந்த ஜீப்பும் அக்கரை காணாது. மாரியில் வருகிறவர்கள் முதல்நாளே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

உள்ளே மணல் தடம். நாலு சில்லும் இழுத்தால்தான் வண்டி நகரும் இடங்கள் உண்டு. இருபுறமும் பாலை, வீரை, முதிரை. பாலை பழுக்கும் வைகாசி, ஆனியில் கரடி மரமேறிக் கிளையை வளைத்து வைத்துக்கொண்டு நிதானமாகத் தின்னும். அதைப் பார்க்க ஜீப்பை நிறுத்துகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் சிறுத்தைதான் வேண்டும்.

என் கவலை இதுதான். 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த காடு. போரால் 1988இல் மூடப்பட்டு 2003 வரை சுற்றுலா வண்டி எதுவும் நுழையாத காடு. இன்று ஒரு சாரதிக்குப் போன் வந்தால் போதும், அத்தனை ஜீப்பும் ஒரே வளைவுக்குப் பறக்கின்றன. இலங்கைக் காட்டில் சிறுத்தையை வேட்டையாடும் பெரிய மிருகம் வேறில்லை. அதனால்தான் பட்டப்பகலிலும் தடத்தின் நடுவில் பயமின்றிப் படுத்துக்கிடக்கிறது. அந்தத் துணிச்சலே அதற்கு வினையாகிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வண்டிகள் வழியை அடைத்துவிட்டால் அது எந்தப் பக்கம் போகும்? குட்டியோடு நிற்கும் தாய் என்ன செய்யும்? காசு கொடுப்பவர் கேட்பதைக் காட்டத்தானே வேண்டும் என்கிறார்கள் சாரதிகள். அவர்கள் பிழைப்பும் பிழைப்புத்தான். ஆனால் கேட்பவர்கள் நாம்.

வேறு எதைக் கேட்பது? கடலைக் கேளுங்கள். காடு முடியும் இடத்தில் குதிரைமலை. துருப்பிடித்த இரும்பு போன்ற செம்மண் மேடு செங்குத்தாக இறங்க, கீழே மன்னார் வளைகுடா. அல்லி அரசாணி ஆண்ட கரை என்பது ஊர்க்கதை. அன்னியஸ் புளோக்கமஸ் என்ற உரோமரின் ஆள் காற்றில் அள்ளுண்டு வந்து கரைசேர்ந்ததாகப் பண்டைய உரோம எழுத்தாளர் பிளினி எழுதிய ஹிப்புரோஸ் துறைமுகம் இதுவே என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. பூங்காவுக்குள் ஜீப்பைவிட்டு இறங்கி நிற்கக்கூடிய சில இடங்களில் இதுவும் ஒன்று. மேட்டு விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள், மண் சரியும்.

அரைநாள் பயணத்தில் இவ்வளவு தூரம் வந்து திரும்ப முடியாது, முழுநாளுக்குப் பேசுங்கள். ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: “தம்பி, போன் வந்தாலும் திருப்ப வேண்டாம். நேரே கடற்கரைக்கு விடுங்கோ.”