ஐப்பசி மழைக்கு நிற்கும் வாழை, சித்திரை மழைக்குச் சாய்வது ஏன்?

பங்குனி, சித்திரை மாதங்களில் ஊரே மழைக்கு ஏங்கும். வாழை போட்டவருக்கு மட்டும் மேற்கே கருக்கும்போது வயிற்றில் புளியைக் கரைக்கும். ஈரோடு, தேனி, திருச்சி, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி என வாழை விளையும் மாவட்டங்களில் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு செய்திகள் சேர்ந்தே வரும். ஒன்று, 'கோடை மழையால் வெப்பம் தணிந்தது, மக்கள் மகிழ்ச்சி'. இன்னொன்று, 'சூறைக்காற்றில் வாழைகள் முறிந்து சேதம்'. இரண்டுமே ஒரே மேகம் செய்த வேலைதான்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியாக 44 செ.மீ. அளவுக்குப் பெய்கிறது. மார்ச் முதல் மே வரையிலான கோடை மழை ஏறக்குறைய 12 செ.மீ. மட்டுமே. ஐப்பசியில் நாள் கணக்கில் விடாமல் நனைந்தும், புயல் வராத வரை, வாழை பெரும்பாலும் நிற்கிறது. சித்திரையில் அரை மணி நேர மழைக்குத் தோட்டமே படுத்துவிடுகிறது. இத்தனைக்கும் அந்த மழை சில நேரம் மண்ணைக்கூட முழுசாக நனைத்திருக்காது. காரணம் தண்ணீர் அல்ல, காற்று. அந்தக் காற்று பக்கவாட்டில் எங்கிருந்தோ கிளம்பி வருவதும் இல்லை. மேலிருந்து கீழே விழுகிறது.

மேலிருந்து விழும் காற்று

கோடையில் உள்மாவட்டங்களில் தரை கொதிக்கிறது. வெப்பநிலை 38, 40 டிகிரி செல்சியஸைத் தொடும். கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று இந்தச் சூட்டில் வேகமாக மேலே ஏறும். 'வளிமண்டல கீழடுக்கு சுழற்சி', 'காற்றின் திசை மாறுபாடு' என்று வானிலை மையம் அன்றாடம் சொல்லும் காரணங்கள் இந்த ஏற்றத்துக்கு ஒரு கை கொடுக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையும் காற்றை மேலே தள்ளிவிடுகிறது. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குள் 12 கி.மீ. உயரத்தையும் தாண்டி இடிமேகம் எழுந்து நிற்கும்.

ஐப்பசியிலும் இடிமேகம் உண்டு. ஆனால் அப்போது தரையிலிருந்து மேல் வரை காற்று முழுக்க ஈரமாக இருக்கும். கோடையில் அப்படி இல்லை. கீழே ஈரக்காற்று இருந்தாலும், சில கி.மீ. உயரத்தில் உள்நிலத்திலிருந்து வரும் வறண்ட காற்று ஓடிக்கொண்டிருக்கும். மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் இந்த வறண்ட காற்றுக்குள் புகும்போது ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது. ஈரத்துணி போர்த்திய பானையில் தண்ணீர் குளிர்வதுபோல, துளி ஆவியாகும்போது சுற்றியிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது மளமளவென்று கீழே இறங்கித் தரையில் மோதி, கொட்டிய தண்ணீர் பரவுவதுபோல நாலாபக்கமும் பாயும்.

மழைக்குச் சில நிமிடம் முன்பு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜில்லென்று அடிக்கிறதே, அதுதான் இந்தக் காற்றின் முன்வரிசை. நகரத்தில் அதை ரசிக்கிறார்கள். வாழைத் தோட்டத்தில் சேதம் பெரும்பாலும் அந்தப் பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதைச் செய்திகளில் 'சூறாவளிக் காற்று' என்று எழுதுவது வழக்கம். ஆனால் இது கடலில் உருவாகும் புயல் அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் வங்கக் கடலில் புயல் உருவாகாமல் இல்லை. 2019இல் ஃபானி ஒடிசாவுக்கும், 2023இல் மோக்கா மியான்மருக்கும் போயின. புயலுக்குப் பெயர் வைப்பார்கள், நாள் கணக்கில் முன்கூட்டியே தெரியும், ஏழெட்டு மாவட்டங்கள் ஒன்றாகப் பாதிக்கப்படும். கோடைச் சூறைக்காற்றுக்குப் பெயர் கிடையாது. ஒரு ஊரை அடித்துவிட்டு அடுத்த ஊரைத் தொடாமல் போய்விடும். சொல்லில் உள்ள இந்தக் குழப்பம் நிவாரணம் கேட்டுப் போகும்போது பெரிய விஷயமாகிவிடுகிறது.

வாழை 'மரம்' அல்ல

வாழை மரம் என்று சொல்கிறோமே தவிர, அதில் கட்டை கிடையாது. தண்டாகத் தெரிவது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலைமட்டைகள். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஓர் அடி, ஒன்றரை அடிக்குள் நின்றுவிடும். உச்சியிலோ பாய்மரம்போல விரிந்த இலைகள். குலை தள்ளியதும் ரகத்துக்கு ஏற்ப 10 முதல் 30 கிலோ வரை எடை ஒரே பக்கமாகத் தொங்கும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 30 கி.மீ. காற்றில் இலை கிழியும், அவ்வளவுதான். 60 கி.மீ. வேகத்தில் தார் போட்ட வாழை தாங்குவது கஷ்டம். தண்டு நடுவில் மடங்கும், அல்லது அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சிய வயலாக இருந்தால் கிழங்கோடு பெயர்ந்து வரும். உயரமாக வளரும் பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளிக்கு ஆபத்து அதிகம். குட்டையான ஜி9 ரகம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் அதன் தார் எடை கூடுதல்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இளங்கன்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. எட்டு, ஒன்பது மாதம் வளர்த்து, உரமும் கூலியும் முழுக்கச் செலவழித்து, வெட்டுக்கு ஒரு மாதம் இருக்கும் தோட்டம்தான் முதலில் சாய்கிறது. ஏக்கருக்கு 900 முதல் 1,200 வாழை நிற்கும். 'இன்னும் இருபது நாள் பொறுத்திருந்தா வெட்டியிருப்பேனே' என்ற புலம்பல் ஒவ்வொரு சித்திரையிலும் கேட்பது இதனால்தான்.

மற்ற பயிர்களுக்கும் இந்தக் காற்று நல்லதல்ல. மாங்காய் உதிரும், முருங்கைக் கிளை முறியும். டெல்டாவில் எள் வயலில் தண்ணீர் ஒரு நாள் நின்றாலே செடி வாடிவிடும். ஆனால், வயல் சும்மா கிடப்பவருக்கு அதே மழை வரம். 'கோடை உழவு கோடி நன்மை' என்பது இந்த ஈரத்தை நம்பிச் சொன்னதுதான்.

எவ்வளவு முன்னால் தெரியும்?

'இடி, மின்னலுடன் மழை, தரைக்காற்று மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில்' என்ற அறிவிப்பு மாவட்ட அளவில் ஓரிரு நாள் முன்பே வந்துவிடும். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள் என்று பொருள். எந்த ஊரில் அடிக்கும் என்பதை மட்டும் அதில் தேடக் கூடாது. தனி இடிமேகம் ஒன்றின் அகலமே சில கி.மீ.தான், ஆயுள் ஒரு மணி நேரத்துக்குள். அது எங்கே எழும் என்பதை முந்தைய நாளே சொல்ல இன்றைய அறிவியலால் முடியாது. மேகம் உருவான பிறகு ரேடாரில் பார்த்து, அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வானிலை மையம் தருகிறது. மின்னலுக்கு 'தாமினி' செயலியும், வேளாண் ஆலோசனைக்கு 'மேகதூத்' செயலியும் உண்டு.

மூன்று மணி நேரத்தில் தோட்டத்துக்கு முட்டுக் கொடுக்க முடியாது. அந்த எச்சரிக்கையால் மனிதர்களும் ஆடுமாடுகளும் பிழைக்கலாம். வேலையை விட்டு வீட்டுக்குள் போய்விடலாம், புளியமரத்தடியில் ஒதுங்காமல் இருக்கலாம். ஓரிரு நாள் முன்னால் வரும் மாவட்ட அறிவிப்பில் ஒரு பயன் உண்டு: தண்ணீர் பாய்ச்சுவதைத் தள்ளிப்போடலாம், முற்றிய தாரை வெட்டிவிடலாம். மற்றபடி வாழையைக் காப்பாற்றும் வேலை மாசியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முட்டும் வேலியும்

குலை தள்ளியதும் சவுக்குக் கம்போ மூங்கிலோ ஊன்றி, தார் சாயும் பக்கம் முட்டுக் கொடுப்பது பழைய வழி. ஏக்கருக்கு ஆயிரம் கம்பு என்பது சின்னச் செலவல்ல. அதனால் பலரும் ஓரத்து வரிசைகளுக்கு மட்டும் ஊன்றிவிட்டு, உள்ளே பிளாஸ்டிக் கயிற்றால் ஒரு வாழையை இன்னொன்றோடு இழுத்துக் கட்டுகிறார்கள். கயிறு மலிவு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே திசையில் கட்டினால் ஒன்று சாயும்போது வரிசையையே இழுத்துக்கொண்டு போகும். அடியில் மண் அணைப்பது, தேவையற்ற பக்கக் கன்றுகளை நீக்குவது, காய்ந்த இலைகளைக் கழிப்பது ஆகியவற்றுக்குக் கூலி தவிர வேறு செலவில்லை.

நிரந்தர வழி, காற்று வரும் பக்கம் சவுக்கோ அகத்தியோ நெருக்கமாக இரண்டு, மூன்று வரிசை வைப்பது. இதற்கென்றே ஏற்ற சவுக்கு ரகங்களைக் கோவையில் உள்ள வன மரபியல் நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. இந்த வேலி, தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்காவது காற்றின் வேகத்தைக் குறைக்கும். சுவர்போல அடைத்துவிடவும் கூடாது. அடைத்தால் காற்று மேலேறிக் குதித்து மறுபக்கம் சுழன்று அடிக்கும். கொஞ்சம் ஊடுருவ விடும் வேலிதான் நல்லது. ஓர் ஏக்கரை குத்தகைக்கு எடுத்தவர் இரண்டு வருடம் கழித்துப் பலன் தரும் சவுக்கை எப்படி வைப்பார் என்ற கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை.

சாய்ந்த பிறகு

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். ஆனால் இழப்பு கணக்கிடப்படுவது அவரவர் தோட்டத்தை வைத்து அல்ல. பிர்கா போன்ற ஒரு பகுதியின் சராசரி விளைச்சல் குறைந்தால்தான் தொகை வரும். நாலு தோட்டத்தை மட்டும் அடித்துவிட்டுப் போகும் சூறைக்காற்றால் பிர்காவின் சராசரி அசையாது. தனித்தோட்ட அளவில் பார்ப்பதற்கும் அந்தத் திட்டத்தில் வழி உண்டு, 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் அது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேக வெடிப்பு, மின்னலால் பிடிக்கும் தீ போன்றவற்றுக்குத்தான். வெறும் காற்று அந்தப் பட்டியலில் இல்லை. வாழையை அதிகம் முறிப்பது எதுவோ, அது மட்டும் விடுபட்டிருக்கிறது. பக்கத்திலேயே கேரளத்தில், மாநில அரசின் காப்பீட்டில் வாழைக்கு எண்ணிக்கைக் கணக்கில் இழப்பீடு உண்டு. தமிழ்நாட்டு வாழை விவசாயிகள் கேட்பதும் ஏறக்குறைய அதைத்தான்.

மிச்சம் இருப்பது அரசு நிவாரணம். மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் புயலும் ஆலங்கட்டி மழையும் உண்டு, சூறைக்காற்று தனியாக இல்லை. ஆனால் மாநிலங்கள் தங்கள் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை, தாங்களே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம். தமிழ்நாடு சூறைக்காற்றையும் மின்னலையும் அப்படி அறிவித்திருக்கிறது. சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால், பாசனப் பயிருக்கு 2022-26 காலத்துக்கான மத்திய விதிமுறைப்படி ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 7,000 ரூபாயைத் தொடாது. ஏக்கரில் ஆயிரம் வாழை என்று வைத்தால், ஒன்றுக்கு ஏழு ரூபாய்.

அந்த ஏழு ரூபாய்க்கும் அடங்கலில் பயிர் 'வாழை' என்று ஏறியிருக்க வேண்டும். சாய்ந்ததை அப்புறப்படுத்தும் முன், சர்வே எண் தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறை அலுவலரிடமும் எழுதிக் கொடுப்பது நல்லது. வாய்ப்பேச்சு குத்தகைதாரர்களுக்கு இங்கேயும் சிக்கல். பட்டா நிலத்துக்காரர் பெயரில் இருப்பதால் பணம் அவர் கணக்குக்குப் போய்விடும்.

தோட்டத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. முக்கால் பங்கு முற்றிய தாரைக் கிடைத்த விலைக்கு உடனே தள்ளிவிட வேண்டும். தாமதித்தால் அதுவும் கருத்துவிடும். முறிந்த வாழையை வேரோடு தோண்டி எடுக்காமல், முறிந்த இடத்துக்குக் கீழே வெட்டி அடித்தண்டை விட்டுவைத்தால் அதில் இருக்கும் சத்து பக்கக் கன்றுக்குப் போகும். குத்துக்கு ஒரே ஒரு நல்ல கன்றை நிறுத்தி, உரம் வைத்து, மண் அணைத்தால், மறுதாம்பில் எட்டு முதல் பத்து மாதத்தில் அடுத்த தார் வெட்டலாம். சித்திரையில் சாய்ந்த தோட்டத்துக்கு அது தை, மாசியில் வரும். அடுத்த கோடைக் காற்றுக்குச் சற்று முன்னால்.