கண்காணிப்பு மென்பொருளும் பொறுப்பின் ஒழுங்கமைப்பும்: கொழும்பு அனுபவங்களை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு நிறுவனத்தின் கணினிக் கட்டமைப்பு என்று நாம் கூறும்போது மேசைமீது காணப்படும் கணினிகளை மட்டும் கருதுவதில்லை. தரவுகளைத் தாங்கிநிற்கும் சேவையகங்கள், அவற்றை இணைக்கும் வலையமைப்புச் சாதனங்கள், மின்சாரம் தடைப்படும்போது சிறிது நேரம் தாங்கும் மின்கல அமைப்புகள், அறையின் குளிரூட்டி, இவற்றின் துணையோடு இயங்கும் மின்னஞ்சல், கணக்கு, பதிவேடு முதலிய சேவைகள் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். இவற்றின் நிலையை இடையறாது பரிசோதித்து, ஊறு நேரும்போது உரியவருக்கு அறிவிக்கும் மென்பொருளே கண்காணிப்பு மென்பொருளாகும். அதனை நிறுவுதல் தொழினுட்பவியலாளரின் தனிப்பணி என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. இக்கருத்து முழுமையானதன்று என்பதே எமது வாதமாகும். எதனை அளப்பது, யாருக்கு அறிவிப்பது, அறிவிக்கப்பட்டவருக்குச் செயற்படும் அதிகாரம் உண்டா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாத ஒரு நிறுவனம் மென்பொருளைப் பெற்றிருக்கலாம். கண்காணிப்பை நிறுவியதாகக் கொள்ள முடியாது.

இதனை விளக்குவதற்கு அண்மைக்கால இலங்கை வரலாற்றிலேயே சான்று உண்டு. அரச நிறுவனங்களின் தரவுகளைத் தாங்கும் 'இலங்கை அரச முகில்' என்னும் கட்டமைப்பு 2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி, கப்பம் கோரும் தீநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கோப்புகளைப் பிறர் திறக்க முடியாதவாறு மறைகுறியாக்கிவிட்டு, அவற்றை விடுவிப்பதற்குப் பணம் கேட்பது இத்தகைய நிரல்களின் வழக்கம். அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சல் முகவரிகளைப் பயன்படுத்திய அலுவலகங்கள் 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தமது மின்னஞ்சல்களை இழந்தன. பாதிக்கப்பட்ட முகவரிகள் ஏறத்தாழ 5,000 எனக் கூறப்பட்டது. சேவை விரைவிலேயே மீளவும் இயங்கத் தொடங்கியது. ஆயினும் இழந்த காலப்பகுதியை மீட்பதற்கு, வலையமைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட காப்புப்பிரதி எதுவும் இருக்கவில்லை.

இந்நிகழ்ச்சி தனித்து நிற்பதன்று. 2021 யூலையில், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குரிய தரவுகள் இதே முகிலிலிருந்து அழிந்துபோயின. அது தொடர்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை மேற்கொண்டது. அழிவின் காரணங்கள் இரண்டிலும் வெவ்வேறானவை. எனினும், காப்புப்பிரதி பற்றிய வினா இரண்டிலும் ஒன்றுதான்.

2023 ஆம் ஆண்டு நிகழ்ச்சியிலே இரு விடயங்கள் எமது கவனத்துக்குரியன. முதலாவது, மே 17 இற்கும் ஓகஸ்ட் 26 இற்கும் இடைப்பட்ட காலம் 101 நாட்களாகும். 'கடைசியாக எடுக்கப்பட்டுத் தனியே வைக்கப்பட்ட காப்புப்பிரதியின் வயது எத்தனை நாள்?' என்பது ஓர் எண். எந்தக் கண்காணிப்பு மென்பொருளும் அதனை நாள்தோறும் அளக்க வல்லது. இரண்டாவது, அங்கு பயன்பாட்டிலிருந்த மின்னஞ்சல் மென்பொருள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 ஆகும். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுவதை அந்நிறுவனம் 2023 ஏப்ரல் 11 ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. இதுவும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்த ஒரு திகதியே.

கண்காணிப்பு மென்பொருள் இருந்திருப்பின் தாக்குதல் நிகழ்ந்திராது என நாம் கூறவில்லை. இழப்பு ஒரு நாளுக்குரியதா நூறு நாட்களுக்குரியதா என்பது அளவீட்டினால் வேறுபடக்கூடியது என்பதையே சுட்டுகின்றோம். ஆயின் இங்கு இன்னுமோர் உண்மையும் உண்டு. மென்பொருளைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 முதலே இருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் அது தாமதமாயிற்று எனவும் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையத்தின் தரப்பில் கூறப்பட்டது. ஆகவே அங்கு அறிவு இல்லாமலில்லை. அறிவு தீர்மானமாக மாறும் வழியே அடைபட்டிருந்தது. கண்காணிப்பின் மையப் பிரச்சினையும் இதுவே.

இனி இம்மென்பொருள் தொழிற்படும் முறையை நோக்குவோம். 1983 ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்பவர் 'பிங்' என்னும் சிறு நிரலை எழுதினார். அது தொலைவிலுள்ள கணினியை நோக்கி ஒரு செய்தியை அனுப்பி, மறுமொழி வருகின்றதா எனப் பார்க்கும். 1988 இல், சாதனங்கள் தமது நிலையைத் தாமே எண்களாகத் தெரிவிப்பதற்கான எளிய வலையமைப்பு முகாமை நெறிமுறை வகுக்கப்பட்டது. இவ்விரு அடிப்படைகளின்மீதே பிற்காலக் கருவிகள் பல எழுந்தன. 1999 இல் வேறு பெயரில் வெளிவந்து பின்னர் நாகியோஸ் எனப் பெயர் பெற்ற மென்பொருள், 2001 இல் வெளிவந்த சபிக்ஸ், 2012 இல் தொடங்கப்பட்ட புரொமீதியஸ் ஆகியன கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கின்றன. எனவே சிறு நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணம் ஒரு தடையன்று. தடையாக இருப்பது ஒழுங்கமைப்பே.

விளக்கத்தின் பொருட்டு, வெள்ளவத்தையிலே தலைமை அலுவலகத்தையும் கொட்டாஞ்சேனையிலே ஒரு கிளையையும் கொண்ட நடுத்தர நிறுவனமொன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அது செய்யவேண்டிய முதற்பணி மென்பொருளை நிறுவுதலன்று, பட்டியல் தயாரித்தலாகும். எந்தச் சாதனம் எங்கே உள்ளது, அதில் எந்தச் சேவை இயங்குகின்றது, அது நின்றால் யாருடைய வேலை நிற்கும், அதற்குப் பொறுப்பானவர் யார் என்பன எழுதப்படல் வேண்டும். பொறுப்பாளரின் பெயர் எழுதப்படாத சாதனங்கள் பல இருப்பதை இவ்வேளையிலேயே நிறுவனம் முதன்முதலாக உணர்வதுண்டு.

அடுத்தது எல்லைகளை வகுத்தல். வன்தட்டு நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பினால் எச்சரிக்க வேண்டும் என்பது பொதுவழக்கு. ஆயின் இரண்டாயிரம் கிகாபைற் கொள்ளளவுடைய ஒரு தட்டு ஆண்டுக்கணக்கில் தொண்ணூறிலேயே அசையாது நிற்கலாம். ஆயிரம் கிகாபைற் கொண்ட வேறொன்று எண்பத்தெட்டில் நின்று, நாளுக்கு ஆறு கிகாபைற் வீதம் நிரம்பலாம். முன்னையதால் இடரில்லை, பின்னையது இருபது நாட்களில் நிறைந்துவிடும். எனவே அளவை மட்டுமன்றி அது மாறும் வேகத்தையும் கணித்தல் அவசியமாகின்றது.

மூன்றாவது, சார்புநிலையைக் குறித்தல். கொட்டாஞ்சேனைக் கிளையில் இருபத்திரண்டு சாதனங்கள் உள்ளன எனக் கொள்வோம். இரு அலுவலகங்களையும் இணைக்கும் தொடர்பு அறுந்தால் அவை யாவும் செயலிழந்துவிட்டன என மென்பொருள் கருதி, இருபத்திரண்டு எச்சரிக்கைகளை அனுப்பும். உண்மையான பழுதோ ஒன்றே. அச்சாதனங்கள் அந்தத் தொடர்பினைச் சார்ந்தவை என முன்னரே குறித்துவைப்பின், ஓர் எச்சரிக்கையே வரும். அவ்வாறே ஒருமுறை மறுமொழி தவறியவுடன் அறிவியாது, ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை தவறிய பின்னரே அறிவிக்குமாறு அமைத்தலும் நன்று. இவை வசதிக்கான ஏற்பாடுகள் மட்டுமல்ல. நாளொன்றுக்கு நூறு பொய்யான எச்சரிக்கைகளைப் பெறும் ஊழியர் நூற்றோராவதைப் படிக்கமாட்டார். அந்த நூற்றோராவது மெய்யானதாக இருக்கலாம். அவரது கவனம் ஒரு வரையறுத்த வளம் என்பதை முகாமை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நான்காவது, கணினியல்லாத பொருட்களையும் பட்டியலிற் சேர்த்தல். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் மின்சாரமின்றி ஆக்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பூட்டிய அலுவலகமொன்றிலே இத்தகைய வேளையில் நிகழக்கூடியதை எண்ணிப் பார்க்கலாம். மின்கலம் தீர்ந்து சேவையகம் அணையும். மின்சாரம் மீண்டதும் சேவையகம் தானாகவே இயங்கத் தொடங்கும். குளிரூட்டியோ சில வேளைகளில் யாரேனும் அழுத்தினாலன்றி இயங்காது. மூடிய அறையில் வெப்பம் ஏறிக்கொண்டேயிருக்கும். அறையின் வெப்பநிலையையும் மின்கலத்தின் இருப்பையும் அளக்கும் சிறு உணரிகள் இதனை வெளிப்படுத்தும். ஆயின் அந்த அறிவிப்பு நிறுவனத்தின் இணையத் தொடர்பை மட்டும் நம்பியிருப்பின், அத்தொடர்பு அறுந்த வேளையில் வெளியே செல்லாது. ஆகவே கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி போன்ற வேறொரு வழியும் வேண்டும். கண்காணிக்கும் கணினியே நின்றுவிட்டால் அதனை அறிவதற்கு, வெளியிடமொன்றிலிருந்து அதனைக் கண்காணிக்கும் இரண்டாவது ஏற்பாடும் இன்றியமையாதது.

ஐந்தாவது, எச்சரிக்கையின் மொழி. இம்மென்பொருள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலே, சுருக்கக் குறியீடுகளுடன் அறிவிக்கின்றன. இரவிலே அதனை முதலிற் காண்பவர் காவலாளராகவோ எழுதுவினைஞராகவோ இருக்கலாம். அறிவிப்பின் வாசகத்தை நிறுவனமே எழுதிக்கொள்ள முடியும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவதற்குத் தொழினுட்பத் தடை எதுவுமில்லை. 'கொட்டாஞ்சேனை அறை வெப்பம் 34 பாகை, குளிரூட்டியை இயக்குக, பதினைந்து நிமிடத்திற் குறையாவிடின் பொறுப்பாளரை அழைக்க' என்னும் வாசகம் ஒரு செயலைத் தூண்டும். வெறும் குறியீடு அதனைச் செய்யாது.

இறுதியாகவும் முதன்மையாகவும் அமைவது, எச்சரிக்கை செல்லும் படிமுறையாகும். முதலாமவர் ஏற்றுக்கொள்ளாவிடின் இரண்டாமவருக்கு, அவரும் ஏற்காவிடின் முகாமையாளருக்கு என்பது வழக்கமான ஏற்பாடு. நாம் இதனோடு இன்னொன்றையும் வற்புறுத்துவோம். பணச் செலவோ பணிப்பாளர் சபையின் அனுமதியோ தேவைப்படும் எச்சரிக்கைகள், உதாரணமாக ஆதரவுக் காலம் முடியும் மென்பொருள், வயதேறிய காப்புப்பிரதி, மாற்றவேண்டிய மின்கலம் என்பன, தொழினுட்பவியலாளரின் திரையிலேயே தங்கிவிடலாகாது. அவை மாதந்தோறும் சபையின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறவும், சபை எடுத்த அல்லது ஒத்திவைத்த தீர்மானம் கூட்டக்குறிப்பிலே பதியப்படவும் வேண்டும். அவ்வாறின்றேல் ஊறு நேர்ந்தபின் பழி கடைநிலை ஊழியரையே சென்றடையும். மேலும், காப்புப்பிரதி எடுக்கப்பட்டது என்னும் பச்சை விளக்கு போதாது. அதிலிருந்து சில கோப்புகளை உண்மையாகவே மீட்டுப் பார்த்தலே பரிசோதனையாகும்.

இத்தொடர்பிலே ஓர் எல்லையையும் வகுத்துக்கொள்ளல் கடன். பொறிகளை நோக்கும் கண் மனிதரை நோக்கித் திரும்புதல் எளிது. எந்த ஊழியர் எப்பொழுது கணினியின் முன் அமர்ந்தார், எதனைப் பார்வையிட்டார் என்பதை வலையமைப்புப் பதிவேடுகளிலிருந்து திரட்ட முடியும். கண்காணிப்பின் நோக்கம், சேகரிக்கப்படும் தரவு, அது வைத்திருக்கப்படும் காலம் ஆகியவற்றை எழுத்திலே வரையறுத்து ஊழியருக்கு அறிவித்தல் நேர்மையாகும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டதன் பின்னர், இது அறம் பற்றிய விடயமாக மட்டும் எஞ்சவில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இயங்கும் பாடசாலைகள், கோயில்கள், சங்கங்கள், சிறு பதிப்பகங்கள் முதலியன தமது பதிவேடுகளையும் ஆவணங்களையும் கணினிக்கு மாற்றிவரும் காலம் இது. இவற்றுட் பலவற்றில் முழுநேரத் தொழினுட்பவியலாளர் இல்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் ஆவண இழப்பின் பொருளை அறியாததன்று. ஆனால் தீயை ஊர் முழுவதும் கண்டது. நின்றுபோன காப்புப்பிரதியை எவரும் காண்பதில்லை. அது ஓசையின்றி நின்று, தேவைப்படும் நாளிலேயே தன்னை வெளிப்படுத்தும். அதனை முன்னரே காட்டுவதற்கு ஒரு பழைய கணினியும் கட்டற்ற மென்பொருளும் போதியன. அது காட்டியதைக் கேட்டுத் தீர்மானிக்கும் கடமையை எந்த மென்பொருளும் ஏற்காது; அதனை நிறுவனமே ஏற்றல் வேண்டும்.