விளக்கு எரிகிறது, ஆனால் மின்சாரம் போதுமா?

அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் ஜூலை மாத மதியம். வெயில் 38 பாகை செல்சியசைத் தாண்டிவிட்டது. படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே அமைந்த 'ஆர்.வி.' எனும் வீட்டு வாகனங்கள் முகாமில் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் குளிரூட்டி ஓடுகிறது. புதிதாக வந்த ஒரு குடும்பம் தன் வாகனத்தின் மின்கம்பியை அங்குள்ள மின்பெட்டியில் செருகுகிறது. விளக்கு எரிகிறது. எல்லாம் சரி என்று குளிரூட்டியைத் திறந்தால், விளக்கு மங்குகிறது. குளிரூட்டி முனகுகிறதே தவிர குளிர் வரவில்லை. பிரேக்கரோ விழாமல் அப்படியே நிற்கிறது.

மின்சாரம் இருக்கிறது, ஆனால் மின்னழுத்தம் போதவில்லை. குளிரூட்டியின் கம்ப்ரசர் கருகுவதற்கு இது போதும்.

ஓம் விதி சொல்லும் கணக்கு

படிவம் ஐந்து இயற்பியலில் படிக்கும் ஓம் விதியே இதற்கு விடை தருகிறது. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் கம்பியில் இழக்கப்படும் மின்னழுத்தம் கிடைக்கும். முகாமின் நீண்ட கம்பித் தடத்தின் மின்தடை 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 ஆம்பியர் ஓடினால் 12.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 120 வோல்ட்டில் புறப்பட்டது 107.5 வோல்ட்டாக வந்து சேரும். ஒரே தடத்தில் பல வாகனங்கள் இணைந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். ஒரே குழாயில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் தண்ணீர் திறப்பதைப் போன்றது இது.

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்; அமெரிக்காவில் சாதாரண இணைப்பு 120 வோல்ட். 1,500 வாட் மின்கெண்டி இங்கே ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும். அங்கே அதே வேலைக்கு 12.5 ஆம்பியர் தேவை. மின்னோட்டம் கூடக்கூட இழப்பும் கூடும். அதனால்தான் அங்கே இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரிகிறது.

மின்னழுத்தம் குறைந்தால் எல்லாச் சாதனங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 1,500 வாட் மின்கெண்டிக்கு 108 வோல்ட் கிடைத்தால் அது 1,215 வாட்டில் வேலை செய்யும். தண்ணீர் கொதிக்கச் சற்று நேரமாகும், அவ்வளவுதான். மோட்டார் அப்படியல்ல. அதே சுமையை இழுக்க அது கூடுதல் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு சூடேறும். தொடங்கும்போது சுழல முடியாமல் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வழக்கமாக 13 ஆம்பியர் எடுக்கும் குளிரூட்டி 16 ஆம்பியர் எடுத்தாலும், 30 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. பிரேக்கர் காவல் காப்பது மிகையான மின்னோட்டத்திலிருந்துதான். குறைந்த மின்னழுத்தம் அதற்குத் தெரியாது.

என்ன செய்யலாம்?

முதலில் அளக்க வேண்டும். வாகனத்துக்குள் செருகும் சிறிய வோல்ட்மீட்டர் போதும். குளிரூட்டியைத் திறக்கும் முன்னும் பின்னும் அளவைப் பார்க்க வேண்டும். 110 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை தேவை. வீட்டு வாகனங்களுக்கான பாதுகாப்புக் கருவிகள் பல, ஏறத்தாழ 104 வோல்ட்டில் இணைப்பைத் தாமே துண்டித்துவிடும்.

அடுத்தது, சுமையைக் குறைப்பது. பல வாகனங்களில் குளிர்பெட்டியையும் தண்ணீர்ச் சூடாக்கியையும் எரிவாயுவுக்கு மாற்றலாம். குளிரூட்டி ஓடும்போது மைக்ரோவேவ் அடுப்பு வேண்டாம். நீட்டிப்புக் கம்பி தேவைப்பட்டால் தடித்ததாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். செருகி சூடாகவோ கறுத்தோ இருந்தால் உடனே நிறுத்தி முகாம் அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் கேட்க வேண்டும். மின்பெட்டியைத் தாமே திறந்து பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடு அளவுக்கு உயர்த்தித் தரும் மின்மாற்றிகளும் உண்டு. ஆனால் அவை புதிதாக மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. தடத்திலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுத்தே உயர்த்துகின்றன. நம் வாகனத்தில் ஏறும்போது பக்கத்து வாகனத்தில் இன்னும் இறங்கலாம்.

மாணவர்களே, இந்த விதி நம் வீட்டுக்கும் பொருந்தும். மின்தடை 0.25 ஓம் உள்ள நீட்டிப்புக் கம்பியில் 13 ஆம்பியர் ஓடினால் இழப்பு 3.25 வோல்ட்தான். ஆனால் கம்பியில் உண்டாகும் வெப்பம் 42 வாட். கம்பி நீளமாக விரிந்திருந்தால் அது பரவிப் போய்விடும். சுருட்டி வைத்த கம்பியிலோ தளர்ந்த செருகியிலோ வெப்பம் ஒரே இடத்தில் சேர்ந்தால், உறை உருகித் தீப்பிடிக்கும். சோற்றுப்பானையையும் மின்கெண்டியையும் ஒரே நீட்டிப்பில் செருகியிருக்கிறார்களா என்று இன்று மாலை வீட்டில் ஒருமுறை பாருங்கள்.