மெமோ வந்தால் சிறைக் காவலர் எங்கே போவார்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில், அஸ்தம்பட்டியில் இருக்கிறது 1862-இல் கட்டப்பட்ட சேலம் மத்திய சிறை. அங்கிருந்து மலையேறினால் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்கள். கூலி பாக்கி, வேலைநீக்கம் என்று பிரச்சினை வந்தால் தோட்டத் தொழிலாளிக்குத் தொழிற்சங்கம் உண்டு. தொழிலாளர் அலுவலர் முன்னால் சமரசப் பேச்சு உண்டு. அது முறிந்தால் தொழில் தீர்ப்பாயம் உண்டு. அடிவாரத்தில் இரவு பகலாகக் காவல் நிற்கும் சிறைக் காவலருக்கோ இதில் எந்தக் கதவும் திறக்காது.

காரணம், சட்டத்தில் உள்ள ஒரு வரி. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் காவல்துறையினரையும், சிறையின் அலுவலர், ஊழியர் அனைவரையும் ‘தொழிலாளி’ என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அந்த விலக்கு தொடர்கிறது. வேலைநிறுத்தத்தைத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1973) தடுக்கின்றன. அரசு ஊழியர்களுக்கு அந்த உரிமை இல்லையென்று 2003-இல் டி.கே.ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அதற்காகச் சிறைக் காவலர் நிராயுதபாணி அல்ல. விசாரணை நடத்தி, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் அவரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு. ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி கடும் தண்டனைக்கு வழி செய்யும் 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை கைக்கு வந்தால், வாய்மொழி விசாரணை வேண்டுமா என்று அதிலேயே கேட்டிருப்பார்கள். ‘வேண்டும்’ என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு அந்த ஒரு பதிலில்தான் அடங்கியிருக்கிறது. விசாரணை அறிக்கையின் நகல் பெறுவதும் உரிமை. 1993-இல் கருணாகர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு. பெண் காவலர்களின் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். துறை மேல்முறையீட்டில் நியாயம் கிடைக்காவிட்டால், 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஆனால், இவை பெரும்பாலும் தண்டனையிலிருந்து தற்காத்துக்கொள்ளும் வழிகள். வார ஓய்வு கிடைக்கவில்லை, அடுத்தடுத்து இரவுப் பணி போடுகிறார்கள், குடியிருப்பு ஒழுகுகிறது என்பதற்கெல்லாம் ரிட் மனு போட முடியுமா? அந்தச் செலவை இரண்டாம் நிலைக் காவலர் தாங்குவாரா? மேலதிகாரியைப் பற்றிய குறையை அந்த மேலதிகாரி வழியாகவே அனுப்பச் சொன்னால் யார் துணிந்து எழுதுவார்?

இதற்கு வேறிடத்தில் ஒரு மாற்று வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் சிறை அலுவலர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2001-இல் அவர்களுக்கென்று தனி ஊதிய ஆய்வுக் குழு அமைந்தது. பறித்த உரிமைக்கு மாற்றாக ஒன்றைத் தரும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பதை அங்கே ஒப்புக்கொண்டார்கள்.

அந்தப் பொறுப்பு தமிழக அரசுக்கும் உண்டு. சிறைக் கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டில் இல்லாத, குறித்த காலத்துக்குள் பதில் சொல்லக் கடமைப்பட்ட குறைதீர்ப்புக் குழு ஒன்று ஒவ்வொரு மத்திய சிறைக்கும் வேண்டும். சீருடைக்குக் கட்டுப்பாடு தேவைதான். அந்தக் கட்டுப்பாட்டைச் சுமப்பவரின் குறையைக் கேட்க ஆள் இல்லாமல் வைத்திருப்பது அநீதி. அரசு இதை உடனே சரிசெய்ய வேண்டும்.